உயிரோடு இருப்பவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

எங்கள் பக்கத்து பப் மூடிக் கிடக்கிறது. கதவில் தொங்கும் அட்டையில் "சிறிது காலத்துக்கு மூடப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சிறிது காலத்துக்கு ஒரு வயது ஆகப்போகிறது. இடிப்பார்களா, அப்படியே வைத்திருப்பார்களா, அடுக்குமாடி கட்டிக் கீழே ஒரு கோப்பிக் கடை வைப்பார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுகிறவர்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள். எனக்குக் கட்டடத்தைப் பற்றிய கவலையைவிட, அதன் மேல்மாடியில் தனியாக இருந்த எங்கள் முதலாளியைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. அவர் இனி அங்கேயே கிடக்கப்போகிறாரா, போக வேண்டிய இடத்துக்குப் போகப்போகிறாரா என்பதுதான் அந்தக் கவலை. அது தீர்ந்த விதத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

"அம்மா, பப்பைப் பற்றியா? சீரியஸ்லி?" என்று மகள் கேட்டாள். சீரியஸாகத்தான். அந்தக் குசினியில் பதினாலு வருடம் சமைத்து நின்றவள் நான்.

மெல்பேர்னின் கிழக்கே, டண்டினோங் மலை தொடங்குகிற இடத்தில், த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தப் பப். நான் மன்னார்க்காரி, கத்தோலிக்கத்தி. எங்கள் ஊரில் பெண்கள் கள்ளுத் தவறணை இருக்கிற தெருவால் போகவேண்டி வந்தால் அடுத்த தெருவால் சுற்றிப் போவார்கள். அப்படி வளர்ந்தவள், "குசினிக்கு ஆள் தேவை" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசியை மூன்று நாள் காருக்குள் இருந்து பார்த்துவிட்டு நாலாம் நாள் உள்ளே போனேன். என் மனிசனுக்கு அதில் ஒரு ஆட்சேபனையும் இல்லை. ஆட்சேபனை எல்லாம் எனக்குத்தான் இருந்தது. வேலை தேவையாக இருந்ததால் போனேன். பிடித்துப்போனதால் நின்றேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த மாதமே ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மாதா கோயில் வாசலில் ஒரு அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் சாராயக் கடையிலயாம் வேலை செய்யிறீர்?"

"ஓம் அன்ரி. ஒரு நாளைக்கு வாங்கோவன். மீன் நல்லாயிருக்கும்."

எரிச்சலில்தான் சொன்னேன். ஆனால் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அன்ரி உண்மையாகவே வந்து நின்றார். கைப்பையில் செபமாலை, முகத்தில் பொலிஸ் நிலையத்துக்கு வந்தவரின் பயம். மீனைச் சாப்பிட்டார், லெமன் ஸ்குவாஷ் ஒன்று குடித்தார், மூலை மேசையில் இருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளோடு முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். அடுத்த வெள்ளியும் வந்தார். பிறகு தவக்காலம் முடிந்தது அன்ரிக்கு நினைவில்லை.

முதலாளியை நான் "பொஸ்" என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி முதல் வருடம் முழுக்கக் கெஞ்சினார், எனக்கு வாய் வரவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் வேலைக்குச் சேருமுன்பே மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் குயின்ஸ்லாந்தில் இருக்கிறாள். பேச்சுக் குறைந்த மனிதர். அவர் பேசிய கொஞ்சமும் இங்கிலீஷ்தான், ஆனால் என் மனம் அதையெல்லாம் மன்னார்த் தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே இங்கே அவர் மன்னார்க்காரர்போலப் பேசினால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஒரு குளிர்காலத்தில் பப்புக்குப் புதுக் கம்பளம் போட்டார். அந்தப் பக்கம் வீடு கட்டுகிற வேலைக்காரர்கள் சேற்றுச் சப்பாத்தோடு வருவார்கள் என்பதால், "சப்பாத்தை வெளியே கழற்றவும்" என்று வாசலில் எழுதி ஒட்டினார். அவர்களும் நல்ல பிள்ளைகள், வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை பிள்ளையார் கோயிலில் ஏதோ விசேஷம். பூசை முடிந்து பசியோடு இறங்கி வந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் பப் வாசலில் சப்பாத்து வரிசையைக் கண்டன. எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் ஒரு அறிவித்தலும் தேவையா? ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செருப்புகளைக் கழற்றி அந்த வரிசையிலேயே வைத்துவிட்டு, நெற்றியில் விபூதியும் வெறுங்காலுமாக உள்ளே வந்து நின்றார்கள். கொத்தனார்கள் பீர்க் கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அப்பா என்னைத் தமிழச்சி என்று கண்டுபிடித்துக் கிட்ட வந்தார்.

"ஏம்மா, இங்க வலமா வரணுமா, இல்ல நேரா போயி உட்காந்துக்கலாமா?"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. போகும்போது ஒரு குழாய் வேலைக்காரரின் சப்பாத்தைக் காணவில்லை. யாரோ அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கோயில் வாசலில் செருப்புத் தொலைந்தால் பீடை தொலைந்தது என்று எங்களில் சொல்வார்கள் என்று நான் அவரைத் தேற்றினேன். "இது கோயில் இல்லையே?" என்று கேட்டார். சப்பாத்து ஞாயிறு காலையில் ஒரு பெட்டி லட்டோடு திரும்பி வந்தது.

அதே நாளில்தான் எண்ணெய்ப் பிரச்சினையும் தொடங்கியது. சைவக்காரர்கள் சாப்பிடக்கூடியது உருளைக்கிழங்குப் பொரியல் ஒன்றுதான். அதற்கும் ஒரு பெண் மெல்ல வந்து, "அக்கா, இந்த எண்ணெயில மீன் பொரிப்பீங்களா?" என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம், அன்றைக்கு எல்லோரும் பாணும் வெண்ணெயும் தின்றுவிட்டுப் போனார்கள். நான் பொஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் அடுத்த கிழமை சின்னதாக இன்னொரு எண்ணெய்த் தொட்டி வாங்கி வைத்தார். அதில் பச்சை நாடா ஒட்டி, மீன் கரண்டி அந்தப் பக்கமே போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். மீன் இல்லாமல் சோறு இறங்காத மன்னார்க் கத்தோலிக்கத்தி சைவ எண்ணெய்க்குக் காவல் இருந்தாள் என்றால் என் ஊரில் நம்புவார்களா?

இப்படித்தான் பதினாலு வருடம் போனது. சந்தோஷமான வருடங்கள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

போன வருடம் முதலாளியின் முழங்கால்கள் இரண்டும் விட்டுவிட்டன. மேல்மாடியில் இருந்து இறங்கக் கால்மணி நேரம் எடுத்தார். ஒரு திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு மூடுகிறேன் என்றார். எனக்கும் ஓய்வெடுக்கிற வயது வந்துவிட்டது, நான் வீட்டுக்குப் போனேன். ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. கட்டடத்தை வாங்கி இடிக்க யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று பேச்சு அடிபட்டது. உடனே ஒரு குழு சேர்ந்தது. அதற்குத் தலைவி, அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ரீச்சர். கையெழுத்து வாங்க வீடு வீடாக நடந்தார். நல்ல மனிசி, ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். "ஊர் நினைவுகளைச் சேர்ப்போம்" என்று சொல்லி, பப்பின் கண்ணாடி முழுக்கச் சீட்டுகள் ஒட்ட ஏற்பாடு செய்தார். ஒவ்வொருவரும் தங்கள் நினைவை எழுதி ஒட்ட வேண்டும். நகரசபை ஆட்கள் வந்து பார்க்கும்போது மனம் இளக வேண்டும் என்பது திட்டம்.

ஒரு மாதத்தில் கண்ணாடி நிறைந்தது. "என் மனைவியை இங்கேதான் சந்தித்தேன், மூடாதீர்கள்." "அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் இங்கேதான், விட்டுவிடாதீர்கள் பொஸ்." "நீங்கள் இல்லாமல் இந்த ஊர் இல்லை." எல்லாம் அன்புதான். முதலாளி ஒவ்வொரு பின்னேரமும் படியால் இறங்கி வந்து, உள்ளே நின்றபடி சீட்டுகளின் வெள்ளை முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாமான் வாங்கிக் கொடுக்கப் போகும்போது நான் கண்டிருக்கிறேன்.

தமிழ் ஆட்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தது. அச்சகம் வைத்திருக்கும் ஒரு அங்கிள், "அதை நான் பாக்கிறன், நீங்கள் ஒருத்தரும் கவலைப்பட வேண்டாம்" என்றார். அப்போதே கவலைப்பட்டிருக்க வேண்டும். அந்த அங்கிளின் அச்சகத்தில் ஓடுவது மூன்றே சரக்கு: கல்யாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுப் பதாகை, செத்தவீட்டு நோட்டீஸ்.

சனிக்கிழமை காலை நான் பப் பக்கம் போனபோது வாசல் கண்ணாடியில் கதவளவு பெரிய சுவரொட்டி. மேலே கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி". இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சுற்றிவர மாலை. நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் எங்கள் முதலாளியின் முகம், சிரித்தபடி.

அங்கேயே நின்று அங்கிளுக்குப் போன் எடுத்தேன்.

"அங்கிள், உங்களுக்கு விசரோ? அந்த மனுசன் உயிரோட இருக்கிறார்!"

"பிள்ளை, அது பப்புக்கு அடிச்சது. அவருக்கில்லை."

"அப்ப அவற்ற முகம் ஏன் அதுக்க நிக்குது?"

"பப் போட்டோவத்தான் வச்சனான். அந்தச் சட்டத்துக்க கட்டடம் பிடிக்கேல்லை. வெட்டி வெட்டிப் பாத்தன், கடைசியில வாசலில நிண்ட அவற்ற தலைதான் வடிவா வந்திது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். யார் கண்ணிலும் படுமுன் கிழித்துவிடலாம் என்று நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டத் தொடங்கினேன். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார் பாவி. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முதலாளி ஊன்றுகோலோடு வெளியே வந்து, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதில என்ன எழுதியிருக்கு?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கினம் பொஸ்" என்றால் முடிந்தது. ஆனால் எண்ணெயைப் பற்றியே பொய் சொல்ல வராதவளுக்கு இது வருமா? எங்கள் ஊரில் ஆள் செத்தால் இப்படித்தான் அடித்து ஒட்டுவோம், தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று முழுவதையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரித்தார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"கீழ சின்னதா இருக்கிறது என்ன?"

அது அங்கிள் வழக்கமாகப் போடுகிற இரண்டு வரிப் பாட்டு. வாசித்து, இங்கிலீஷில் அர்த்தம் சொன்னேன்: எங்களுக்காக ஓயாமல் நின்ற கால்களே, இனியாவது இளைப்பாறுங்கள். போதும் உங்கள் பணி, சந்தோஷமாய்ப் போய் வாருங்கள்.

சிரிப்பு நின்றுவிட்டது. "திருப்பிச் சொல்லும்" என்றார். சொன்னேன். அவர் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்த மற்றச் சீட்டுகளை ஊன்றுகோலால் காட்டினார்.

"இதெல்லாம் என்னை நில் எண்டு சொல்லுது. உங்கட ஆக்கள் மட்டும்தான் போ எண்டு சொல்லியிருக்கினம்."

பிறகு வாசல் படியில் மெல்ல உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மகள் தன் வீட்டில், படி ஏறத் தேவையில்லாத ஒரு அறையை அவருக்காக ஒதுக்கிவைத்து எவ்வளவோ காலம். பயணத்துக்குப் பல தரம் நாளும் குறித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் அதைச் சொல்ல இவர் வாய் திறக்குமுன்பே ரீச்சர் வந்து, "இன்னும் ஒரு மாதம் மட்டும் இருங்கள், நீங்கள் போய்விட்டால் நகரசபை எங்களை மதிக்காது" என்பார். இவர் சரி என்பார். வாக்குக் கொடுத்துவிட்டார். ஊர் அழுவதைப் பார்க்க அவருக்கு முடியாது.

"நீர் ஒருத்தரிட்டயும் சொல்லக்கூடாது" என்றார். சொல்லமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கோபம். ரீச்சர்மேல் கோபம், வாய் திறக்காத அவர்மேல் கோபம். கடைசியில் என்மேல்தான் அதிகம். கிழமைக்கு இரண்டு தரம் பாலும் பாணும் கொண்டுபோய்க் கொடுத்தவள், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேனே தவிர, என்ன விருப்பம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் ஊர்க் கூட்டம். பப்பில் இடமில்லை என்று பக்கத்து டெனிஸ் கிளப் மண்டபத்தில் வைத்தார்கள். முன்வரிசைக் கதிரையில் முதலாளியைப் புது மாப்பிள்ளைபோல இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நினைவைச் சொன்னார்கள். பீடை தொலைந்த குழாய் வேலைக்காரர்கூடச் சப்பாத்துக் கதையைச் சொன்னார், மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அவ்வளவு அன்பையும் ஒரே இடத்தில் கேட்டால் யாருக்குத்தான் அழுகை வராது? முதலாளி தலையைக் குனிந்தபடி இருந்தார். ஒவ்வொரு கதைக்கும் அவர் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

ரீச்சர் என் பக்கம் திரும்பி, "பதினாலு வருடம் குசினியில் நின்றவர், உங்கள் நினைவைச் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினார். இரவிரவாக இங்கிலீஷில் எழுதித் தயார்பண்ணிய கடதாசி என் கையில் இருந்தது, பச்சை நாடா, எண்ணெய், எல்லாம். எழுந்தபோது அதை வாசிக்க மனம் வரவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் சொன்னதைச் சொல்ல முடியாது. ஆனால் சுவரொட்டியைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று யாரும் கேட்கவில்லையே.

ஆகவே அதைச் சொன்னேன். அங்கிள் கட்டடத்தை வெட்டி வெட்டித் தலையில் வந்து நின்ற கதையைச் சொன்னேன். நல்லாகச் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த அங்கிள் எழுந்து கைகூப்பினார். சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மிச்சத்தைச் சொன்னேன். மனதுக்குள் ஓடியது இதுதான்:

"எங்கட ஊரில செத்த ஆளைத்தான் ஒண்டும் கேக்காமல் தூக்கிக்கொண்டு போவம். எங்க வைக்கிறது, எப்ப எடுக்கிறது எண்டு எல்லாம் நாங்களே முடிவெடுப்பம். இந்த மனுசன் உயிரோட இருக்கிறார். ஆராவது ஒருக்கா இவரிட்டக் கேளுங்கோ."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரோ ஒருவரின் குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது. ரீச்சர் கையெழுத்துத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு முதலாளிக்கு முன்னால் போய் நின்றார். எத்தனையோ வருடம் பிள்ளைகளைப் படிப்பித்தவர், முகத்தைப் பார்த்தால் விளங்காமலா போகும்?

"போக விருப்பமோ?"

முதலாளி நிமிர்ந்தார். எங்கள் எல்லோரையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "மகளிட்டப் போகோணும். வாற வியாழன் பயணம். மூண்டு தரம் நாள் மாத்திப் போட்டன். இந்த முறையும் மாத்தினால் அவள் அழுவாள்."

முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். கையெழுத்துக்காக அந்த மலையடிவாரம் முழுக்க நடந்த மனிசி, எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும். ரீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு மண்டபத்தின் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்கிற அதே குரலில், "வியாழனுக்குள் இவருடைய சாமான்களைப் பெட்டியில் கட்ட யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முதல் கையைத் தானே உயர்த்தினார்.